வடாம் யார் கணக்குல? கவர்மெண்ட் லேப் பிரைவேட் கம்பெனி ஆகறது எப்படின்னு ஒரு எளிய விளக்கம்

போன வாரம் சாயங்காலம் திருவள்ளூர் லோக்கல்ல வந்துட்டிருந்தேன், எதிர் சீட்ல எங்க தெரு மாமா, ஆவடி டாங்க் ஃபாக்டரில வெல்டரா இருந்து ரிட்டயர் ஆனவர், பெரம்பூர் தாண்டினதும் பேப்பர மடிச்சு வெச்சுட்டு ஆரம்பிச்சார். "ஏன் தம்பி, எங்க ஃபாக்டரிய கம்பெனி ஆக்கிட்டாங்களே, அப்ப அது பிரைவேட்டுதானே? அடுத்து பக்கத்துல இருக்கற லேபையும் வித்துருவாங்களா? லேப விக்க முடியுமா மொதல்ல? அங்க என்ன இருக்கு விக்கறதுக்கு, நாலு மிஷினு, நாப்பது பீரோ ஃபைலு."

கடைசி கேள்வி இருக்கே, அது செம கேள்வி. வில்லிவாக்கத்துல இருந்து அம்பத்தூர் வரைக்கும் நான் ஏதோ சொன்னேன், பாதி கூட்டத்துல காதுல விழல, அதான் இங்க நிதானமா எழுதறேன். எகனாமிக்ஸ் படிக்காதவங்களுக்குத்தான் இது, படிச்சவங்க கோவிச்சுக்காதீங்க.

மொதல்ல மாமாவோட கேள்விக்கே பதில் சொல்லிடறேன். 2021 அக்டோபர் 1ம் தேதி பட்டாளத்துக்கு ஆயுதம், டாங்க் எல்லாம் செய்யற ஃபாக்டரிங்கள நடத்தின ஆர்ட்னன்ஸ் ஃபாக்டரி போர்டுன்னு இருந்தத கலைச்சு, அதுக்குக் கீழ இருந்த 41 ஃபாக்டரிய 7 கம்பெனியா பிரிச்சாங்க. அதுல டாங்க் செய்யறது ஆர்மர்டு வெஹிகிள்ஸ் நிகாம், ஹெட் ஆபீஸ் நம்ம ஆவடிலயேதான். ஆனா அந்தக் கம்பெனியோட ஷேர் முழுசும் மத்திய அரசாங்கம்தான் வெச்சிருக்கு. அதனால அது கம்பெனி, ஆனா பிரைவேட் இல்ல. அதே ஆவடில அர்ஜுன் டாங்க டிசைன் பண்ண லேப் இருக்கு, சிவிஆர்டிஇ, அது மத்திய அரசோட ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவுக்குக் கீழ வர்றது, அது கம்பெனி கூட ஆகல, இன்னிக்கும் அரசாங்கத் துறைதான். ஆக பக்கத்துப் பக்கத்துல ரெண்டு, ஒண்ணு கம்பெனி, ஒண்ணு டிபார்ட்மெண்ட், ரெண்டுமே பிரைவேட் இல்ல. நம்மாளுங்க "கம்பெனி"ன்னு கேட்டாலே பிரைவேட்டுன்னு முடிவு பண்ணிடறாங்க, குழப்பம் அங்கதான் ஆரம்பிக்குது.

இப்போ லேபுக்கு வர்றேன். ஆனா அதுக்கு முன்னாடி எங்க பாட்டி கதை ஒண்ணு சொல்லணும்.

மேற்கு மாம்பலத்துல எங்க அப்பா சின்னப் பையனா இருந்தப்போ கூட்டுக் குடும்பம், பாட்டிதான் சமையல். பெரியப்பா அரிசி மூட்டை போடுவார், அப்பா பால் காசு குடுப்பார், சித்தப்பா ஒண்ணும் குடுக்க மாட்டார் ஆனா ரெண்டு பேர் சாப்பாட்ட சாப்பிடுவார். ஒரு சாப்பாடு என்ன வெலைன்னு யாருக்கும் தெரியாது, கேட்டா பாட்டி அடிப்பாங்க. சித்திரை வெயில்ல மொட்ட மாடில வத்தல் வடாம் போடுவாங்க, ஐப்பசி மழைல வறுத்து சாப்பிடறதுக்கு. அந்த நாலு நாளும் வீட்ல வேற வேலை நடக்காது.

ஒரு நாள் பெரியப்பாவுக்கு என்ன தோணுச்சோ, ஒரு நோட்டு வாங்கிட்டு வந்து, இனிமே எந்தக் குடும்பத்துல எத்தன பேர் எத்தன வேளை சாப்பிட்டாங்கன்னு இதுல எழுதணும், மாசக் கடைசில அந்தக் கணக்குப்படி பிரிச்சுக்கலாம்னுட்டார். நியாயமாத்தான் இருந்துது. சித்தப்பாவுக்கு மட்டும் முகம் சுருங்கிடுச்சு. அப்புறம் பக்கத்துத் தெருல ரூம் எடுத்துத் தங்கியிருந்த ரெண்டு பேச்சிலர் பசங்க கேரியர் கேட்டாங்க, அதுவும் நோட்டுல ஏறுச்சு. கொஞ்ச நாள்ல பதினஞ்சு கேரியர். அடுத்த சித்திரை வந்துச்சு, பாட்டி வடாம் போடணும்னாங்க, பெரியப்பா நோட்டத் தெறந்துட்டு கேட்டாராம்: "இந்த நாலு நாள் கூலிய, அரிசிய, யார் கணக்குல எழுதறது?"

அந்த வருஷம் வடாம் போடல. அப்பா இன்னிக்கும் சொல்லுவார்.

லேப் கம்பெனி ஆகறதோட சாரமே இதுதான், மீதிய எல்லாம் இத வெச்சுதான் சொல்லப் போறேன். லேப விக்கற அன்னிக்கு அது கம்பெனி ஆகறதில்ல, நோட்டு வந்த அன்னிக்கே ஆயிடுது. விக்கறது ரொம்பப் பின்னாடி நடக்கற சமாச்சாரம்.

உதாரணத்துக்கு எடுத்துக்கப் போறது பிரிட்டன்ல நடந்தது, ஏன்னா இந்த விஷயத்துல அத மாதிரி பெருசாவும் தெளிவாவும் கணக்கு வழக்கோடவும் வெளிய தெரிஞ்ச கேஸ் கம்மி. ராணுவ ஆராய்ச்சி லேபுங்கள்ல இருந்து உருவான கம்பெனி அது, பேரு கினெடிக். நம்ம ஊர்ல கினெடிக் ஹோண்டா ஓட்டினவங்க உடனே ஸ்கூட்டர் கம்பெனின்னு நெனச்சுக்காதீங்க, இது வேற, முன்னாடியும் க்யூ பின்னாடியும் க்யூ போட்டு ஒரு மாதிரி ஸ்பெல்லிங்ல எழுதுவாங்க, பேர் வெக்கறதுக்குன்னே காசு வாங்கற ஆளுங்க வெச்ச பேர்னு பாத்தாலே தெரியும்.

அது எங்க இருந்து வந்துச்சுன்னு பாத்தா நூறு வருஷத்துக்கு மேல பின்னாடி போகணும். லண்டனுக்குத் தென்மேற்குல ஃபார்ன்பரோன்னு ஒரு ஊரு, அங்க பட்டாளத்துக்கு பலூன் செஞ்ச ஃபாக்டரிதான் ஆரம்பம். அது ஏரோப்ளேன் பக்கம் போயி, 1918ல ராயல் ஏர்கிராஃப்ட் எஸ்டாபிளிஷ்மெண்ட்னு பேர் மாறுச்சு. 1954ல காமெட்னு ஒரு ஜெட் பிளேன் அடுத்தடுத்து நடுவானத்துல சிதறிப் போச்சு, ஏன்னு யாருக்கும் புரியல, இவங்கதான் ஒரு முழு பிளேனோட ஒடம்பத் தண்ணித் தொட்டிக்குள்ள முக்கி, பறக்கும்போது உள்ள காத்தழுத்தம் ஏறி எறங்கற மாதிரியே திரும்பத் திரும்பத் தண்ணிய பம்ப் பண்ணி, தகரம் களைச்சுப் போயி கிழியுதுன்னு கண்டுபிடிச்சாங்க. இன்னிக்கு நாம மீனம்பாக்கத்துல தைரியமா பிளேன் ஏறறோம்னா அந்தத் தொட்டிக்கும் அதுல பங்கு இருக்கு. 1960கள்ல கார்பன் ஃபைபர வலுவா செய்யற முறையும் இதே எடத்துல வந்துச்சு.

இன்னொரு எடம் மால்வர்ன். 1942ல ராடார் ஆராய்ச்சி பண்ற ஆளுங்கள அவசர அவசரமா கொண்டு போயி அங்க ஒரு ஸ்கூல்ல உக்கார வெச்சாங்க, யுத்தம் முடிஞ்சும் அந்த ஊர விட்டுப் போகல. அங்க நடந்த ஒரு விஷயத்த மட்டும் கொஞ்சம் நின்னு சொல்லணும், வடாமுக்கு அத விட நல்ல உதாரணம் எனக்குக் கெடைக்கல.

1967ல ஜான் ஸ்டோன்ஹவுஸ்னு ஒரு மினிஸ்டர் அந்த லேபுக்கு விசிட் வந்தார். டிவி பொட்டிக்குள்ள இருக்கற கலர் ட்யூபுக்கு அமெரிக்காக்காரனுக்கு ராயல்டி கட்டிக்கிட்டிருக்கோம், தட்டையா ஒரு ஸ்கிரீன் நாமே செய்ய முடியாதாங்கறது அவரு கேள்வி. லேப்காரங்க யோசிச்சு, திரவப் படிகம், அதாவது லிக்விட் கிரிஸ்டல், அதுல வழி இருக்குன்னு கண்டாங்க, ஆனா அப்ப இருந்த பொருள் எதுவும் சாதாரண ரூம் சூட்டுல நெலையா நிக்கல. மிலிட்டரி காசு குடுத்து ஹல் யுனிவர்சிட்டில ஜார்ஜ் கிரேன்னு ஒரு கெமிஸ்ட்ரி புரொஃபசர்கிட்ட வேலைய விட்டாங்க. 1972ல அவரு குழு ஒரு புதுப் பொருளக் கொண்டு வந்துச்சு. மால்வர்ன்ல பீட்டர் ரெய்ன்ஸ்ங்கறவரு அதுல எத எவ்வளவு கலந்தா குளிர்லயும் வெயில்லயும் வேலை செய்யும்னு கணக்குப் போட்டு ஒரு கலவை புடிச்சார், அதுக்குப் பேரு ஈ7. அவ்ளோதான், கால்குலேட்டர், டிஜிட்டல் வாட்ச், பர்மா பஜார்ல எண்பதுகள்ல வாங்கி கைல கட்டிக்கிட்டுத் திரிஞ்சோமே, அந்த கருப்பு நம்பர், எல்லாம் அந்தக் குடும்பந்தான்.

இப்ப நோட்டு வெச்சிருக்கற பெரியப்பாவ அங்க கொண்டு போயி நிறுத்துங்க. 1967ல "யாருய்யா இதுக்குப் பில்லு கட்டுவா?"ன்னு கேட்டிருந்தா பதில் சொல்ல ஆளே கெடையாது. பட்டாளத்துக்கு வாட்சா முக்கியம்?

சரி, அப்ப ஏன் நோட்டு வந்துச்சு? கெட்ட எண்ணம்னு சொல்ல முடியாது. 1989, 90ல பனிப்போர் முடிஞ்சுது, டிஃபன்ஸ் பட்ஜெட் சுருங்க ஆரம்பிச்சுது, இவ்ளோ லேப், இவ்ளோ எடம், இவ்ளோ சயின்டிஸ்ட், எதுக்குன்னு கேள்வி வந்துச்சு. சித்தப்பா மாதிரி ஆளுங்களும் உள்ள இருந்திருப்பாங்கல்ல, ஓசில டெஸ்ட் பண்ணிக்கிட்டு என்ன செலவுன்னே தெரியாம. 1991 ஏப்ரல்ல ஃபார்ன்பரோ, மால்வர்ன், கப்பற்படை லேப், பீரங்கி லேப் எல்லாத்தையும் சேத்து ஒரே ஏஜென்சி ஆக்கினாங்க. தலைவரா கொண்டு வந்தது ஜான் சிஸோம்னு ஒருத்தர, சாஃப்ட்வேர் கம்பெனி நடத்தின ஆளு, லேப்ல வளந்தவர் இல்ல. 1993ல அத டிரேடிங் ஃபண்ட் ஆக்கினாங்க.

டிரேடிங் ஃபண்டுன்னா என்னன்னு கேட்டா, அதான் நோட்டு. அதுக்கு முன்னாடி வருஷா வருஷம் பட்ஜெட்ல ஒரு தொகை வரும், லேப் அத செலவு பண்ணும். இப்ப அப்படி இல்ல, பட்டாளம் கஸ்டமர், லேப் கடை, ஒவ்வொரு வேலைக்கும் கொட்டேஷன், பில்லு, வந்த காசுலதான் சம்பளம். இன்னும் முழுக்க முழுக்க அரசாங்கம்தான், ஊழியருங்க அரசு ஊழியருங்கதான், வெளில இருந்து பாத்தா போர்டு மட்டும்தான் மாறியிருக்கும். ஆனா உள்ள ஒரு சயின்டிஸ்ட் காலைல வந்து உக்காந்தா மொத கேள்வி மாறிடுச்சு. என்ன கண்டுபிடிக்கலாம்ங்கறது போயி, இந்த வார டைம் ஷீட்ட எந்தக் கணக்குல எழுதறதுன்னு ஆயிடுச்சு. தரமணி பக்கம் ஐடி கம்பெனில வேலை செய்யறவங்களுக்கு நான் இதுக்கு மேல விளக்க வேண்டியதில்ல.

1995ல இன்னும் சில எடங்களையும் சேத்து டெரான்னு பேர் வெச்சாங்க, சுமார் 12,000 பேர் வேலை பாத்தாங்க. 1998ல அரசாங்கம், இதுல தனியாரையும் கொண்டு வரலாம்னு சொல்லுச்சு. காரணம் ரெண்டு மூணு. லேப்ல இருக்கற சரக்க வெளி மார்க்கெட்ல வித்தா நெறைய சம்பாதிக்கலாம், ஆனா அதுக்கு முதல் போடணும், கஜானால இருந்து எடுத்தா கணக்குல இடிக்கும், தனியார் போட்டா இடிக்காது. அப்புறம் வித்தா கைல ரொக்கம் வரும், எந்த ஊரு நிதி அமைச்சருக்கும் அது புடிக்காதா என்ன.

இங்கதான் மொத சிக்கல். அமெரிக்காகாரன் மொகம் சுளிச்சான். நாங்க உங்க அரசாங்கத்த நம்பி ரகசியத்தக் குடுத்தோம், நாளைக்கு லாபத்துக்கு ஓடற ஒரு கம்பெனி கைல அது போனா என்ன அர்த்தம்னு கேட்டான். அதோட இன்னொரு விஷயமும் இருக்கு, ஆரம்பிக்கறவங்க இத நல்லா புரிஞ்சுக்கணும். அரசாங்கம் நாளைக்கு ஒரு ஏவுகணை வாங்கப் போவுதுன்னு வைங்க, விக்கறவன் ஆயிரம் சொல்லுவான், அது உண்மையா பொய்யான்னு பாத்துச் சொல்ல அரசாங்கத்துக்குன்னு ஒரு ஆள் வேணும்ல. தி. நகர்ல நகை வாங்கப் போறப்போ தங்கம் தெரிஞ்ச அத்தையக் கூட்டிட்டுப் போவோமே, அது மாதிரி. அந்த அத்தையவே நகைக் கடைல வேலைக்குச் சேத்து விட்டுட்டா?

அதனால முழுசா விக்கல, ரெண்டா பிரிச்சாங்க. 2001 ஜூலைல டெரா ஒடஞ்சுது. ரொம்ப நுணுக்கமான வேலை, விஷவாயு கிருமி ஆராய்ச்சி நடக்கற போர்ட்டன் டவுன், அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்ற ஆளுங்க, இதெல்லாம் சுமார் 3,000 பேரோட அரசாங்கத்துலயே தங்கிடுச்சு, அதுக்கு டிஎஸ்டிஎல்னு பேரு. மீதி சுமார் 9,000 பேர் கினெடிக் கம்பெனிக்குப் போனாங்க. ஒரே கேன்டீன்ல டீ குடிச்சவங்க, ஒருத்தர் அரசு ஊழியர், ஒருத்தர் கம்பெனி ஊழியர். அன்னிக்கும் ஷேர் முழுக்க அரசாங்கத்துகிட்டதான் இருந்துது, அதாவது இன்னிக்கு நம்ம ஆவடி ஃபாக்டரி நிக்கற அதே படிக்கட்டு.

அடுத்த படிதான் மாமா கேட்ட கேள்வி. லேபுக்கு வெலை எப்படிப் போடறது?

ஒரு ரைஸ் மில்லுன்னா மிஷின், நெலம், மாசத்துக்கு எத்தன மூட்டைன்னு பாத்து வெலை சொல்லிடலாம். லேபோட சொத்து இருக்கறது ஆளுங்க மண்டைலயும், பீரோ ஃபைலுலயும், இன்னும் காசாகாத பேடண்டுலயும். எது நாளைக்கு ஈ7 ஆகும், எது பழைய பேப்பர் கடைக்குப் போகும்னு வெளில இருந்து வர்றவனுக்குத் தெரியாது. யாருக்குத் தெரியும்? உள்ள இருக்கற மேனேஜருங்களுக்குத் தெரியும், முழுசா இல்லாட்டியும் மத்தவங்கள விட நல்லாவே தெரியும். பாட்டி மெஸ்ஸ விக்கறோம்னு வைங்க, சாம்பார்ப் பொடி ரகசியம் பாட்டிக்கு மட்டுந்தான் தெரியும், வெலை பேசற எடத்துல அதே பாட்டிக்கும் ஒரு பங்குன்னு சொன்னா, வெலை கம்மியா இருக்கறதுல பாட்டிக்கும் லாபம் வந்துடுது பாருங்க. எங்க பாட்டி அப்படிப்பட்டவங்க இல்ல, உதாரணத்துக்குச் சொன்னேன்.

நடந்தது என்னன்னா, நேரா ஷேர் மார்க்கெட்டுக்குப் போலாம்னுதான் மொதல்ல இருந்தாங்க, மார்க்கெட் படுத்திருந்துச்சு, அதனால ஒரு பார்ட்னர் தேடினாங்க. அமெரிக்காவோட கார்லைல் குரூப், பிரைவேட் ஈக்விட்டி கம்பெனி. பிரைவேட் ஈக்விட்டின்னா பெரிய எடத்துப் பணத்தத் திரட்டி, ஒரு கம்பெனில பங்கு வாங்கி, சில வருஷம் வெச்சு சீர்படுத்தி, நல்ல வெலைக்கு வித்துட்டுப் போறவங்க, பழைய வீட்ட வாங்கி பெயின்ட் அடிச்சு விக்கற மாதிரி. 2003 பிப்ரவரில டீல் முடிஞ்சுது, 4.2 கோடி பவுண்டுக்கு மூணுல ஒரு பங்குக்கும் கொஞ்சம் மேல. கூடவே ஆயுத சோதனை மைதானங்கள 25 வருஷத்துக்கு கினெடிக்கே நடத்தித் தரும்னு ஒரு பெரிய ஒப்பந்தமும் கையெழுத்தாச்சு. இருபத்தஞ்சு வருஷ வாடகைக்கு ஆள் ஏற்கனவே குடி வந்துட்ட வீடு மாதிரி, கம்பெனியோட மதிப்பு அதுலயே ஏறிடும்.

2006 பிப்ரவரில லண்டன் ஷேர் மார்க்கெட்டுக்கு வந்துச்சு, ஒரு ஷேர் 200 பென்ஸ், கம்பெனி மதிப்பு சுமார் 130 கோடி பவுண்டு. மூணே வருஷத்துல கார்லைல் போட்ட காசு எட்டு மடங்குக்கு மேல. ஆனா அத விட ஊரே பேசினது வேற கணக்கு. மேல இருந்த 10 மேனேஜருங்க எல்லாருமா சேந்து கைக்காசு 5 லட்சத்து 40 ஆயிரம் பவுண்டு போட்டிருந்தாங்க. ஷேர் மார்க்கெட்டுக்கு வந்த அன்னிக்கு அது 10.75 கோடி பவுண்டு. ஒரு ரூபா போட்டு இருநூறு ரூபா எடுத்த மாதிரி. அதுல சில பேரு கொஞ்ச வருஷம் முன்னாடி வரைக்கும் அரசாங்க சம்பளம் வாங்கினவங்க.

2007 நவம்பர்ல அங்க இருக்கற நேஷனல் ஆடிட் ஆபீஸ், நம்ம சிஏஜி மாதிரி, முழு ரிப்போர்ட் போட்டுச்சு. வித்ததால அரசாங்கத்துக்கு நஷ்டம்னு அவங்க சொல்லல, காசு வந்துச்சு. ஆனா இன்னும் கோடிக்கணக்குல கூட வாங்கியிருக்கலாம்னாங்க. முக்கியமா அந்த 25 வருஷ ஒப்பந்தம் என்ன வெலைன்னு முடிவாகறதுக்கு முன்னாடியே, வாங்கப் போறது இவன்தான்னு ஒருத்தன மட்டும் நிறுத்திக்கிட்டாங்க, போட்டி போச்சு, பேரம் அவன் பக்கம் சாஞ்சுது. கோயம்பேட்ல கூட இந்தத் தப்ப யாரும் பண்ண மாட்டாங்க, பக்கத்துக் கடைலயும் வெலை கேட்டுட்டுதான் வெங்காயம் வாங்குவோம். மேனேஜருங்களுக்கு அவ்ளோ பங்கு குடுக்கணும்ங்கற திட்டம் பேசறப்போ அரசாங்கம் கிட்டயே இல்லாம, வாங்க வந்தவங்களும் அந்த மேனேஜருங்களும் பேசிக்கிட்டதுங்கறதும் அதுல வந்த குத்தச்சாட்டு.

என்னோட அபிப்ராயத்தக் கேட்டா, அந்தப் பத்து பேரு மேல மட்டும் கோவப்படறது சுலபம். தப்பு எங்கன்னா, பொருளோட மதிப்பு தெரிஞ்ச ஒரே ஆளுங்க வாங்கறவங்க பக்கம் உக்காந்துட்டாங்க, விக்கறவங்க பக்கம் உக்கார ஆளே இல்ல. நகை தெரிஞ்ச அத்தை கடைக்காரரோட பார்ட்னர். 2008ல அரசாங்கம் மிச்சமிருந்த 19 சதவீதத்தயும் வித்துடுச்சு. ஒரே ஒரு ஸ்பெஷல் ஷேர் மட்டும் கைல வெச்சிருக்கு, அதுக்கு டிவிடெண்ட், அதாவது லாபத்துல பங்கு, வராது, ஆனா நாட்டுப் பாதுகாப்புக்கு ஒத்து வராத ஆளு கம்பெனிய வாங்க வந்தா முடியாதுன்னு சொல்ற அதிகாரம் அதுல இருக்கு. வீட்ட வித்த பொறவும் கெணத்துத் தண்ணி உரிமைய எழுதி வாங்கிக்கற மாதிரி.

கம்பெனி நல்லா ஓடுச்சான்னா, ஓடுச்சு. 2004லயே அமெரிக்கால ஃபாஸ்டர் மில்லர்னு ஒரு கம்பெனிய வாங்கினாங்க, குண்டு எடுக்கற டாலன் ரோபோ அவங்களோடது. ஸெஃபிர்னு சூரிய சக்தில பறக்கற ஆளில்லா விமானம் செஞ்சாங்க, 2010 ஜூலைல அது எறங்காம 14 நாள் பறந்துச்சு, உலக ரெக்கார்டு. அந்த மாதிரி ஒரு விஷயம் பழைய டிபார்ட்மெண்ட்ல இருந்தா ஃபைலுக்குள்ளயே கெடந்திருக்கும்னு சொல்றவங்க இருக்காங்க, அதுலயும் உண்மை இருக்கு. ஆனா 2013ல ஸெஃபிர இன்னிக்கு ஏர்பஸ்னு பேர் இருக்கற குரூப்புக்கு வித்துட்டாங்க, பறக்கும்னு நிரூபிச்சாச்சு, அதுக்கு மேல காத்திருந்து முதல் போட கம்பெனிக்குப் பொறுமை இல்லையோ என்னவோ.

இன்னொரு பக்கமும் சொல்லியாகணும். 2006 செப்டம்பர்ல ஆப்கானிஸ்தான்ல நிம்ராட்னு ஒரு பிரிட்டிஷ் விமானம் தீப்புடிச்சு 14 பேர் செத்தாங்க. வானத்துலயே பெட்ரோல் நிரப்பின பிறகு எரிபொருள் கசிஞ்சு சூடான குழாய் மேல பட்டுடுச்சு. மூணு வருஷம் கழிச்சு சார்லஸ் ஹாட்டன் கேவ்ங்கற வக்கீல் குடுத்த ரிப்போர்ட்ல, அந்த விமானத்தோட பாதுகாப்பு அறிக்கைய தயார் பண்ண பிஏஇ சிஸ்டம்ஸ், மேற்பார்வை பாத்த ராணுவ அமைச்சக டீம், இவங்களோட சேத்து, தனியா நின்னு சரி பாக்க வேண்டிய கினெடிக்கையும் கண்டிச்சார். ஒழுங்கா படிச்சுக் கூட பாக்காம தலையாட்டிட்டாங்கங்கற மாதிரி. இதுக்குக் காரணம் பிரைவேட் ஆனதுதான்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன், அந்த ரிப்போர்ட்டு அமைச்சகத்துலயே செலவக் கொறைக்கற மோகம் பாதுகாப்ப விழுங்கிடுச்சுன்னுதான் நீட்டமா பேசுது. ஆனா பில்லு கட்டற கஸ்டமர்கிட்டயே "உங்க வேலை சரியில்ல"ன்னு சொல்றதுக்கு ஒரு தனி தைரியம் வேணும், நோட்டு வந்த வீட்ல அந்த தைரியம் கொஞ்சம் கொறையும்.

எல்லா நாட்லயும் இதே மாதிரிதான்னு இல்ல. அதே பிரிட்டன்ல 1842ல பொகையிலைல கலப்படம் இருக்கான்னு பாக்க ஆரம்பிச்ச ஒரு லேப் இருந்துச்சு, 1996ல அத பிரைவேட் ஆக்கினாங்க, எல்ஜிசின்னு பேரு, கை மாறி கை மாறி இன்னிக்கு மரபணு சோதனை வரைக்கும் பண்ற பெரிய கம்பெனி. வேடிக்கை என்னன்னா சட்டப்படி இருக்கற "அரசாங்க கெமிஸ்ட்"ங்கற பதவி இன்னிக்கும் அந்தப் பிரைவேட் கம்பெனிக்குள்ளதான் இருக்கு. எஸ்டோனியாவுல வேற மாதிரி. சோவியத் காலத்துல 1960ல ஆரம்பிச்ச சைபர்நெடிக்ஸ் இன்ஸ்டிட்யூட், அதுல ஆராய்ச்சிய நடைமுறைக்குக் கொண்டு வர்ற ஆளுங்க 1997ல சைபர்நெடிகான்னு கம்பெனியா வந்தாங்க. அந்த நாட்டு மொத்த ஜனத்தொகை நம்ம சென்னைல நாலுல ஒரு பங்கு கூட தேறாது, ஆனா அரசாங்கத்தோட எல்லா டேட்டாபேஸும் ஒண்ணோட ஒண்ணு பாதுகாப்பா பேசிக்கற எக்ஸ்ரோடுங்கற அமைப்பையும், 2005ல இன்டர்நெட்ல ஓட்டுப் போட்ட மொத தேசிய அளவு வசதியையும் செஞ்சதுல அந்தக் கம்பெனிக்குப் பெரிய பங்கு. அங்க விக்கறதுக்கு மைதானமும் இல்ல, நெலமும் இல்ல, ஆளுங்க மட்டுந்தான், அதனால சண்டையும் கம்மி போல.

நம்ம நாட்டுக் கதை இன்னும் வேற. இங்க லேப விக்கறதில்ல, லேப்ல இருந்து வர்றத விக்கறாங்க. அடையார்ல தோல் ஆராய்ச்சி நிலையம், சிஎல்ஆர்ஐ, 1948ல இருந்து இருக்கு, ஆம்பூர் வாணியம்பாடி டேனரிக்காரங்களுக்குத் தெரியும், முறைய கண்டுபிடிச்சு லைசென்ஸ் குடுப்பாங்க, லேப் அரசாங்கத்துதாகவே இருக்கும். லேப்ல பொறந்தத தயாரிச்சு விக்கறதுக்குன்னே 1974ல சென்ட்ரல் எலெக்ட்ரானிக்ஸ்னு ஒரு அரசு கம்பெனி ஆரம்பிச்சாங்க, சூரிய ஒளி செல் நம்ம நாட்ல மொதல்ல செஞ்சவங்கள்ல அவங்க முக்கியம். அத 210 கோடி ரூபாய்க்கு ஒரு தனியார் கம்பெனிக்கு விக்கலாம்னு 2021 நவம்பர்ல முடிவு பண்ணாங்க, ஊழியர் சங்கம் கேஸ் போட்டுச்சு, வெலை ரொம்பக் கம்மின்னு சத்தம் வந்துச்சு, 2022ல அரசாங்கமே ரத்து பண்ணிடுச்சு. கவனிச்சீங்களா, இங்கயும் வெலைய வெச்சு ஒரு சண்டை வந்துச்சு.

மூணாவது வழி ஐஐடி ரிசர்ச் பார்க் வழி. லேப் அங்கயே இருக்கும், ஆளுங்க மட்டும் வெளிய வந்து கம்பெனி ஆரம்பிப்பாங்க. அக்னிகுல்ங்கற ராக்கெட் கம்பெனி அப்படித்தான், 2017ல ஆரம்பிச்சு 2024 மே 30ம் தேதி ஸ்ரீஹரிகோட்டால இருந்து 3டி பிரிண்ட் பண்ண எஞ்சின வெச்சு ராக்கெட் விட்டாங்க. பாட்டி வீட்ல சமைச்சுக்கிட்டே இருப்பாங்க, பேரன் பொடி கத்துக்கிட்டு தனியா கடை போடறான். எனக்கு இதுதான் புடிச்சிருக்கு, ஏன்னா மாடில வடாம் காயறது நிக்கறதில்ல. ஆனா பாட்டிய யாரு பாத்துக்கறதுங்கற கேள்வி அப்பவும் இருக்கு, லேபுக்கான பட்ஜெட் வருஷா வருஷம் வந்தாத்தான் பேரன் கத்துக்க ஏதாவது மிச்சம் இருக்கும்.

இதுல பாதிய ரயில்லயே சொன்னேன். அந்தப் பத்து பேர் கணக்கு வந்தப்போ மாமா நிமிந்து உக்காந்தார். "ஒண்ணுக்கு இருநூறா?"

"ஆமா மாமா."

"மத்தவங்களுக்கு?"

"ஊழியருங்களுக்கும் கொஞ்சம் ஷேர் வந்துச்சு. ஆனா அது இந்தக் கணக்கு இல்ல."

ஆவடி தாண்டி வண்டி மெதுவாச்சு, அவரு பையத் தோள்ல மாட்டிக்கிட்டு எழுந்தார். இந்து காலேஜ் ஸ்டேஷன் வர்றதுக்குள்ள கதவுகிட்ட போயி நின்னு, கூட்டத்துக்கு மேல சத்தமா கேட்டார்.

"அந்தப் பத்து பேர்ல ஒரு வெல்டராச்சும் உண்டா தம்பி?"

"இல்ல மாமா."

"தெரியும்"னுட்டு எறங்கிட்டார்.